தழைக்கல்

அன்று மலை ஏறியவர்கள் இவர்கள்.

முன்னால் என் அப்பா. அவர் வழிக்காரர். அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண். அவளுடைய ஊரில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேர், மூத்தவளும் இளையவளும். ஏலத்தோட்டத்தில் குழி வெட்டப் போகிற அண்ணன், தம்பி. ஏலக்காய் காயவைக்கிற கொட்டகையில் அடுப்பெரிக்கப் போகிற கிழவர் ஒருவர். அவரை எல்லோரும் பெருசு என்றார்கள். கடைசியில் கங்காணி. இவர்கள் அத்தனை பேரையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துக்கொண்டு வந்தவர் அவர்தான். நடுவில், ஓடியும் நின்றும், நான். எனக்கு ஆறு வயது.

ஒன்பது பேர்.

எங்கள் வீடு மேலே இருந்தது. வண்டன்மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில், லயத்தில். அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அதனால் கீழே கம்பத்துப் பக்கம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். மேலே காய் எடுப்புத் தொடங்கியதும் ஆட்களைக் கூட்டிப்போக அப்பா இறங்கி வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டார்.

சுற்று ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டி பானையோடு வருகிற கூலி ஆட்கள் மலைப்பாதையில்தான் ஏறுவார்கள். பாதை எல்லோருக்கும் தெரியும். பெருசு அதில் அப்பாவுக்கு முந்தியே நடந்தவர். இருந்தாலும் வழிக்காரர் இல்லாமல் யாரும் ஏற மாட்டார்கள். ஆட்களை எந்த வரிசையில் விடுவது, எங்கே உட்காரச் சொல்வது, எங்கே உட்கார விடாமல் விரட்டுவது, பனி மூடினால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இத்தனை உயிர் ஏறியது, இத்தனை உயிர் வந்து சேர்ந்தது என்று ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வழிக்காரர்.

அப்பா அதிகம் பேச மாட்டார். அடிவாரத்தில் எல்லோரும் மூட்டையைத் தலையில் ஏற்றுகிற நேரத்தில் அவர் ஓரமாக நின்று அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அந்த இளம்பெண்ணைக் காட்டி, “நீ எம் பின்னால வா தாயி” என்றார்.

கங்காணிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏப்பா, அது எளசுதான? பின்னால வரட்டும். பெருச முன்னால விடு.”

“வரிசை எங்கிட்ட விட்டுருங்க” என்றார் அப்பா.

நடக்க முடியாத ஆளைத்தான் மலையில் முன்னால் விடுவார்கள். பின்னால் விட்டால் மற்றவர்கள் எங்காவது உட்கார்ந்து இளைப்பாறுவார்கள்; அந்த ஆள் வந்து சேரும்போது எழுந்து கிளம்பிவிடுவார்கள். அந்த ஆளுக்கு உட்கார நேரமே கிடைக்காது. இது அப்பாவுக்குத் தெரியும். கங்காணிக்கும் தெரியும். அதனால்தான் அவர் அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

பாதி ஏற்றத்தில் ஒரு ஊற்று. அங்கே எல்லோரும் மூட்டையை இறக்கினார்கள். அந்தப் பெண் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். மூத்த ஓரகத்தி ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அது?” என்றார் கங்காணி.

“பித்தம் ஐயா. வெறும் வயித்துல ஏறுறா.”

“பித்தமா?”

“எனக்குந்தான் பித்தம்” என்றார் பெருசு. “கங்காணியாரு மூஞ்சியப் பாத்தா எனக்கும் கொமட்டுது. நான் சொல்லிக்கிறனா?”

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை.

“ஒன்ன இந்த வருசம் அடுப்புக்குள்ளயே வச்சு எரிச்சிருதேன் பெருசு” என்றார். பிறகு பாறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “பித்தமா வேற எதுவுமான்னு தழைக்கல்லுல தெரிஞ்சிரும்.”

பெருசின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா மூட்டையைத் தூக்கினார். “போவம்” என்றார்.

தழைக்கல் என்பது ஏற்றம் முடிகிற இடத்தில் இருக்கிற ஒரு கல். உருவம் கிடையாது. பூசாரி கிடையாது. கடைசி வளைவில் ஆளுக்கு ஒரு தழை ஒடித்துக்கொள்வார்கள். கல்லுக்கு வந்ததும் ஒவ்வொருவராகத் தழையை வைப்பார்கள். எல்லோரும் வைத்த பிறகு வழிக்காரர் கல்லைப் பார்த்து எண்ணைச் சொல்வார். இத்தனை உயிர் வருகிறது, பார்த்துக்கொள் என்று. அவ்வளவுதான் கும்பிடு. சொன்ன எண்ணை அன்றைக்கு மாற்றக் கூடாது. கணக்கில் சேராத உயிர் அதற்கு அப்பால் மலை மண்ணில் கால் வைக்கக் கூடாது. கடைத்தெருவுக்கோ வீட்டுத் தரைக்கோ போய்த்தான் கால் ஊன்றலாம்.

இதில் யாரும் விளையாட மாட்டார்கள். ஒரு தடவை அப்பாவோடு வந்த ஒருவர் கல்லைத் தாண்டிய பிறகு ஆடு மேய்ப்பவரிடம் ஒரு குட்டி வாங்கினார். குட்டிக்குத் தழை வைக்கவில்லை. அதனால் கடைத்தெரு வரைக்கும் குட்டியைத் தோளிலேயே சுமந்து வந்தார். குட்டி சட்டையெல்லாம் நனைத்துவிட்டது. தூக்கி எறிவேனே தவிர இறக்க மாட்டேன் என்று திட்டிக்கொண்டே நடந்தாராம்.

வயிற்றுப்பிள்ளைக்காரி இரண்டு தழை வைக்க வேண்டும். ஒன்று அவளுக்கு, ஒன்று உள்ளே இருப்பதற்கு. ஒன்றை மட்டும் வைத்தால் மலை கணக்கில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். எந்தப் பெண்ணும் அந்தக் கல்லிடம் பொய் சொல்லத் துணிய மாட்டாள். இது கங்காணிமாருக்கு வசதியாகப் போய்விட்டது. தோட்டத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரியைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் கங்காணிதான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் வாயால் எதுவும் கேட்பது இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். இரண்டு தழை வைத்த பெண்ணை அங்கிருந்தே கீழே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த இளம்பெண்ணின் புருஷன் கிணறு வெட்டுகிற ஆள். மண் சரிந்து செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மாமனார் வீட்டில் இருக்கவிடவில்லை. தாய் வீடு என்று ஒன்று இல்லை. கீழே போனால் அவளுக்குப் போக இடம் கிடையாது. இதெல்லாம் மூத்த ஓரகத்தி பின்னாளில் எங்கள் லயத்தில் இருந்தபோது சொன்னது. அன்று எனக்கு எதுவும் தெரியாது.

கடைசி வளைவில் தழை ஒடித்தோம். நான் ஊதாப் பூ வைத்த கிளையாகத் தேடி எடுத்தேன். மற்றவர்கள் எடுத்ததெல்லாம் வெறும் இலை. அந்தப் பெண் இரண்டு ஒடித்தாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை இடுப்புச் சேலைக்குள் செருகிக் கம்பளியால் மூடினாள்.

மூத்தவள் அவள் காதருகில் பேசினாள். நான் அவர்களுக்குக் கீழே நின்றதால் எனக்குக் கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு வையி. அவரு கழுகு மாதிரி நிக்காரு.”

“ரெண்டு உசுர ஒண்ணுன்னு சொன்னா ஒண்ண எடுத்துக்கிருமாம்லக்கா.”

“எடுக்காது.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மூத்தவள் அவள் கம்பளியை இன்னும் இழுத்து மூடிவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. இதுவும் போயிட்டா நான் யாருக்குக்கா வேல பாக்கணும்?”

“வேல இல்லன்னா இத எதப் போட்டு வளப்ப? வாய மூடிட்டு வா.”

இரண்டு உயிர் என்று அவள் சொன்னதும் எனக்கு ஆட்டுக்குட்டி ஞாபகம்தான் வந்தது. அவள் இறக்கி வைத்திருந்த மூட்டைக்குள் கோழிக்குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டியும் பாயும்தான் இருந்தன.

தழைக்கல்லில் காற்று பலமாக இருந்தது. கங்காணி முன்னாலேயே வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அண்ணன் வைத்தான். தம்பி வைத்தான். பெருசு வைத்துவிட்டு, “எம்பேரு எழுதிக்க சாமி, போன வருசம் மறந்துட்ட, மூட்டுவலி குடுத்துட்ட” என்றார். ஓரகத்திகள் இரண்டு பேரும் வைத்தார்கள். கங்காணி ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டார். அவருக்கு அது போதும்.

அந்தப் பெண் குனிந்து கையில் இருந்ததை வைத்தாள். நிமிர்ந்தாள். அவள் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“என்னாத்தா, இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்க?” என்றார் கங்காணி. குரலில் கோபம் இல்லை. “இன்னொண்ணு வைக்கணுமா? வைக்கணும்னா வச்சிரு. சாமி காரியம், நான் தடுக்க மாட்டேன். வச்சிட்டு அப்படியே கீழ பாத்து நடந்துரு.”

மூத்தவள் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள்.

அப்பா அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். என் கையில் இருந்த தழையைப் பிடித்தார். நான் விடவில்லை. பூ வைத்த கிளையை நானே வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தார். கல்லுக்குப் போய், அந்தப் பெண் வைத்த தழையின் மேலேயே, காம்பும் காம்பும் சேர வைத்தார்.

“நகரு தாயி” என்றார். “வச்சாச்சு.”

கங்காணி அதை என் தழை என்று நினைத்துக்கொண்டார். வேறு யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்பா கடைசியாகத் தன் தழையை வைத்தார். கல்லைப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

“ஒம்பது உசுரு வருது. பாத்துக்க” என்றார்.

கங்காணி தலையை எண்ணினார். தழையையும் எண்ணினார். இரண்டும் ஒன்பது. குடையைத் தூக்கிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் வைக்கலியேப்பா.”

“அதான் ஒங்கப்பன் வச்சிட்டாருல்ல கழுத, அப்பறம் என்ன?” என்றார் கங்காணி.

அப்பா தன் மூட்டையைத் தம்பியிடம் கொடுத்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ஏறு” என்றார்.

நடக்கத் தெரிந்த பிள்ளை நடக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னைத் தூக்கியது இல்லை. காய்ச்சலில் கீழே கொண்டுபோனபோதுகூட அம்மாதான் தூக்கிப் போனாள். அழுகை அங்கேயே நின்றுவிட்டது. நான் ஏறித் தோளில் உட்கார்ந்தேன்.

“மகாராணிக்குப் பல்லக்கு வந்துருச்சுடோய்” என்றார் கங்காணி.

“கால் வலிங்குது” என்றார் அப்பா.

“எனக்கு வலிக்கல” என்றேன் நான்.

அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்தாள். என் கால்களைப் பார்த்தாள். கங்காணி குடையோடு நடக்கத் தொடங்கியதும் கம்பளிக்குள் கையை விட்டு அந்த இரண்டாவது தழையை எடுத்தாள்.

“அண்ணே, அவரு முன்னால போகட்டும். நான் இத வச்சிட்டு வந்துருதேன். புள்ளைய எறக்குங்க.”

“சொன்னது சொன்னதுதான் தாயி. தூரப் போட்டுட்டு நட.”

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாவடி இருந்தது. காவலுக்கு இருந்த மலையாளத்துக்காரர் “எத்ற ஆளா?” என்று கேட்டார். கங்காணி ஒன்பது என்றார். காவல்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்பா நிற்காமல் நடந்தார்.

அதற்குப் பிறகு புல்வெளி. பிறகு சோலைக்காடு. எனக்கு எல்லாம் உயரத்தில் இருந்து தெரிந்தது. பெருசின் தலையில் நடுவில் முடி இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். கங்காணியின் குடையைவிட நான் உயரமாக இருந்தேன். அப்பாவின் கைகள் என் கணுக்காலை இறுகப் பிடித்திருந்தன. கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். தளர்த்தவில்லை. அந்த விரல் பதிந்த தடம் மறுநாள் வரைக்கும் இருந்தது.

வழியில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. சொன்னேன். அப்பா பாதையை விட்டு ஒதுங்கி, என்னைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் காற்றில் பிடித்துக்கொண்டார். கால் தரையில் படவில்லை. கையில் இருந்தபடியே போகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வரவும் மாட்டேன் என்றது.

பெருசு பார்த்துவிட்டார். “அட, என்னப்பா இது, கைப்புள்ள மாதிரி? எறக்கி விட்டா…” என்று ஆரம்பித்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடி இருந்தது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் பிறகு ஒரு கேலியும் பேசவில்லை.

சோலைக்குள் பாதி தூரம் போனதும் அப்பா நின்றார். பாதையில் சாணம். ஆவி பறந்தது. பக்கத்தில் மூங்கில் ஒடிந்து கிடந்தது.

“பெரியவரு” என்றார் அப்பா. ஆனை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படி வந்தால் ஆட்களை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வழிக்காரர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அப்பாவுக்கு அது வழக்கம்தான். அன்று அவர் நகரவில்லை. தோளில் நான் இருந்தேன். என்னோடு போக முடியாது. இறக்கிவிடவும் இல்லை. அவர் மூச்சு என் தொடையில் பட்டது. அப்பா பயந்து நான் பார்த்தது இல்லை. அதனால் அது பயம் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“எங்கிட்டக் குடுங்கண்ணே.”

“ஒனக்கு ஆகாது தாயி.”

மூத்தவள், “நான் வாங்கிக்கிருதேன், தள்ளு” என்றாள்.

“எனக்காகத்தான அது கால் படாம வருது? நாந்தான் தூக்கி வச்சிருக்கணும்” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். மூத்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அப்பா என்னை அவளிடம் கொடுத்தார். அண்ணனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மரங்களுக்குள் போனார்.

நாங்கள் ஒரு பாறைச் சரிவை ஒட்டி நின்றோம். அவள் மெலிந்தவள். நான் அவள் இடுப்பில் ஒரு பக்கம் தொங்கினேன். என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே வந்தது. அவள் என்னை ஏற்றி ஏற்றிப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

“எறக்கி விடேன்” என்றார் கங்காணி. “பொதிமாடு மாதிரி இருக்கு, அதப் போயிச் சுமந்துக்கிட்டு.”

“மாட்டேன்.”

அவள் கங்காணியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஏன்?”

அவள் என்னை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தாள். கங்காணி பக்கத்தில் வந்தார். என் கால்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அட்டை கங்காணியாரே” என்றார் பெருசு. “எறக்கினா புள்ள காலெல்லாம் அட்டை ஏறிரும். காய்ச்சல்ல கெடந்த புள்ள. அப்பறம் வழிக்காரரு நம்மளத்தான் கேப்பாரு. எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல.” சொல்லிக்கொண்டே வந்து என் பாதம் இரண்டையும் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். அவர் கை சொரசொரப்பாக இருந்தது.

அப்போது மேலே ஒரு கிளை ஒடிந்தது.

ஆனை எங்களைப் பார்க்கவில்லை. பாதையைக் குறுக்கே கடந்தது. முதலில் நெற்றி, பிறகு முதுகு, பிறகு வால். ஒரு சுவர் நகர்கிற மாதிரி இருந்தது. கங்காணி குடையைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். இளைய ஓரகத்தி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். பெருசு என் பாதத்தை விடவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்னைப் பிடித்திருந்த கை இறுகியது.

அந்த நேரத்தில் என் தொடையில் எதுவோ இடித்தது. அவள் கம்பளிக்குள் இருந்து. சேற்றுத் தவளை துள்ளுவது போல ஒரு துள்ளல். பிறகு இன்னொன்று.

“ஒங்க மடியில என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஓடி வந்திருக்கிறார், முள் கிழித்து முழங்கையில் ரத்தம் இருந்தது. பயந்துபோன பிள்ளையிடம் வந்தால் யாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் காலைப் பார்த்தார். அது பெருசின் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

என்னை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். “அது எறங்கிப் போயிருச்சு. வாங்க” என்றார். கங்காணியின் குடையைத் தம்பி எடுத்துக் கொடுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்தது கொஞ்சம். தோட்டத்தில் அவள் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். காய் எடுப்பு மும்முரத்தில் கங்காணிக்கு விஷயம் தெரிந்தது. அப்போது அவளை விலக்க முடியவில்லை, ஆள் போதவில்லை. அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார். கல்லை வைத்து என்னை ஏமாற்றிவிட்டாய் என்றார். “கல்ல நான் ஏமாத்தலையே” என்றார் அப்பா. அடுத்த வருஷத்திலிருந்து கங்காணி வேறு வழிக்காரரை வைத்துக்கொண்டார். மற்ற கங்காணிமாரும் மெல்ல அப்பாவை விட்டுவிட்டார்கள். அப்பா தோட்டத்தில் மூட்டை சுமக்கப் போனார். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் பிள்ளை பிறந்தது. பெண். தலை நிறைய முடி.

நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் வரைக்கும்தான்.

லயத்துக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. மற்றவர்கள் கொட்டகைப் பக்கம் போனார்கள். அப்பா வாசலில் என்னை இறக்கவில்லை. குனிந்து, என் தலை நிலையில் இடிக்காமல், உள்ளே கொண்டுவந்து அம்மா மெழுகி வைத்திருந்த தரையில் இறக்கினார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

“என்ன இது, புள்ளைக்குக் காலு ஒடிஞ்சா போச்சு?” என்றாள் அம்மா.

“இல்ல.”

“பின்ன? கொஞ்சுறதுக்கு இன்னிக்குத்தான் நேரம் வந்துச்சாக்கும்.”

நான் அம்மாவிடம் ஓடிப்போய், அப்பா என்னைத் தோளில் தூக்கி வந்ததையும், நான் கங்காணியைவிட உயரமாக வந்ததையும், ஆனையையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் பூத்தழையை அப்பா பிடுங்கிக்கொண்டதையும் சொன்னேன். அம்மா பால் இல்லாத கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தாள். தழை என்றதும் அவள் கை நின்றது. என் காலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

ஒவ்வொரு தடவை அப்பா மலை ஏறி வந்ததும் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அன்று அப்பா சாயாவைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதைக் கேட்டாள்.

“எத்தன பேரு வந்து சேந்தீக?”

அத்தை வீட்டில் நான் எண்ணக் கற்றிருந்தேன். அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று விரல்களை நீட்டினேன். அப்பா, அந்த அக்கா, ஓரகத்திகள், அண்ணன், தம்பி, பெருசு, கங்காணி, நான். ஒன்பது விரல். ஒரு சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து இழுத்தார். மடங்கியிருந்த விரலை நிமிர்த்தினார். களைப்பில் அப்பாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அதை மறுபடியும் மடக்கினேன். அவர் மறுபடியும் நிமிர்த்தினார்.

பத்து.